கையெழுத்துக்கு யார் பொறுப்பு?

பெரம்பலூர் – அரியலூர் வரலாற்றுத் தொடர்: பகுதி 31

சென்ற பகுதியில் 1956 நவம்பர் 23 அதிகாலையில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் நடந்த ரயில் விபத்தைப் பார்த்தோம். தூத்துக்குடி எக்ஸ்பிரஸின் பெட்டிகள் வெள்ளத்தில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி தார்மிகப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். தன் துறையில் நேர்ந்த சாவுக்கு டெல்லியில் இருப்பவரும் பதில் சொல்ல வேண்டும் என்ற முன்மாதிரி அரியலூர் மண்ணில் பிறந்தது.

இந்தப் பகுதி அந்தக் கேள்வியைச் சட்டத்தின் பக்கமிருந்து கேட்கிறது. ஓர் ஆணை டெல்லியின் பெயரால் பிறக்கிறது, மாவட்டத்தில் நிறைவேறுகிறது. அதனால் ஒருவரின் வாழ்க்கை முடங்கினால் பதில் சொல்ல வேண்டியவர் யார்? பெரம்பலூர் துறைமங்கலத்தில் உள்ள இலங்கைத் தமிழர் முகாமின் கதையை இந்தக் கேள்வி இல்லாமல் எழுத முடியாது.

டெல்லியின் அதிகாரம், மாவட்டத்தின் கை

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் குடியுரிமை, வெளிநாட்டினர், நாட்டுக்குள் வருதல், வெளியேற்றுதல் எல்லாமே ஒன்றியப் பட்டியலில் இருக்கின்றன. மாநில அரசுக்கோ ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ அவற்றில் சொந்த அதிகாரம் கிடையாது. ஆனால் டெல்லிக்கு ஒவ்வொரு ஊரிலும் ஆள் இல்லை. 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் சட்டம் தந்த முக்கியமான சில அதிகாரங்களை, அரசியலமைப்பின் 258(1) உறுப்பைப் பயன்படுத்தி, 1958 ஏப்ரலில் ஓர் அறிவிக்கையின் வழியாக மாநில அரசுகளிடம் ஒன்றிய அரசு ஒப்படைத்தது. ஒருவர் எங்கே தங்க வேண்டும், எங்கே போகக் கூடாது என்று கட்டளையிடும் 3(2)(இ) பிரிவு அவற்றில் ஒன்று. முகாம்களின் கதை முழுவதும் அந்த ஒற்றைப் பிரிவைச் சுற்றியே ஓடுகிறது.

மாநிலத்தின் கைக்கு வந்த அதிகாரம் அங்கிருந்து மாவட்டத்துக்கு இறங்கியது. வெளிநாட்டினரைப் பதிவு செய்யும் அலுவலர், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர். முகாமின் பதிவேடும் பணக்கொடையும் வருவாய்த் துறையிடம். குடியுரிமை கேட்டு மனுப் போட்டால் அதை வாங்கி, விசாரித்து, மேலே அனுப்ப வேண்டியவர் மாவட்ட ஆட்சியர். கண்காணிப்பு, மாநிலக் காவல்துறையின் கியூ பிரிவிடம். ஆக, குடிவரவுச் சட்டத்தை நாள்தோறும் நடத்தி வருபவர்கள் மாவட்டத்து ஆட்களே.

1946ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் சட்டத்தின் 15ஆவது பிரிவு அவர்களுக்கு ஒரு கவசம் தந்திருந்தது. சட்டத்தின்படி நல்லெண்ணத்துடன் செய்த எந்தச் செயலுக்காகவும் எவர் மீதும் வழக்குத் தொடுக்க முடியாது என்றது அது. ஆணை பிறப்பித்தவர் தொலைவில் இருக்கிறார், நிறைவேற்றியவருக்குக் கவசம் இருக்கிறது. நடுவில் சிக்கியவர் யாரிடம் முறையிடுவது?

பதிவேட்டில் ஒரு பெயர்

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தமிழர்கள் படகேறி வந்தார்கள். 1983 தொடங்கி 2010 வரை நான்கு அலைகளாக வந்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் அதிகம். மண்டபம் முகாமில் பதிந்து, விசாரித்து, மாவட்டங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். துறைமங்கலம் அப்போது திருச்சி மாவட்டத்துக்குள் இருந்தது. 1995இல் அந்த மாவட்டம் பிரிந்து பெரம்பலூர் தனி மாவட்டமானது. 2001 ஜனவரி 1இல் அரியலூர் அதிலிருந்து பிரிந்தது, 2002 மார்ச் 31இல் மீண்டும் சேர்ந்தது, 2007 நவம்பர் 23இல் மறுபடியும் பிரிந்தது. நம் ஊர்க்காரர்களுக்கு இந்தப் பிரிப்புகள் சாதிச் சான்றுக்கும் பட்டாவுக்கும் எந்த ஆபீசுக்குப் போவது என்ற குழப்பமாக முடிந்தன. தன்னிடம் இருக்கும் ஒரே ஆதாரம் பதிவேட்டில் உள்ள பெயர்தான் என்றிருப்பவருக்கு, எந்தக் கலெக்டர் ஆபீசில் தன் கோப்பு இருக்கிறது என்பது உயிர்க்கேள்வி.

அந்தப் பதிவேடு எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டு முகாம்களில் குறித்த நாட்களில் கணக்கெடுப்பு நடக்கும். ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) வருவார், கியூ பிரிவுக் காவலர் வருவார். குடும்பத் தலைவர், மனைவி, பிள்ளைகள் என்று ஒவ்வொரு பெயராக வாசிக்கப்படும். ஆள் நேரில் நிற்க வேண்டும். கொத்து வேலைக்கோ பெயின்ட் வேலைக்கோ வெளியூர் போனவர் அன்றைக்குத் திரும்பிவிட வேண்டும். சில இரவுகள் வெளியே தங்குவதென்றால் முன்கூட்டியே மனு எழுதி அனுமதி வாங்க வேண்டும். கணக்கெடுப்பில் ஆள் இல்லையென்றால் பணக்கொடை நிற்கும், பெயரே நீக்கப்படவும் கூடும். நீக்கிய பெயரை மறுபடி ஏற்ற ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு நடக்க வேண்டும். பெயர் நீங்கினால் அரிசியும் வீடும் மட்டும் போவதில்லை, இந்த மண்ணில் இருப்பதற்கான ஒரே சான்றும் போய்விடுகிறது.

இந்தப் பேனா முனையைத்தான் சட்டம் கேள்வி கேட்க வேண்டியிருந்தது.

1992: ஒப்புதல் யாருடையது?

1991 மே 21இல் ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்ட பின் தமிழ்நாட்டின் மனநிலை மாறியது. ஒரு குற்றத்தின் நிழல் அதில் எந்தப் பங்கும் இல்லாத பல்லாயிரம் குடும்பங்கள் மீது விழுந்தது. 1992 ஜனவரியில் அகதிகளைத் திருப்பி அனுப்பும் பணி தொடங்கியது. விரும்பியவர்கள் மட்டுமே போகிறார்கள் என்றது அரசு. முகாம்களில் ஒப்புதல் படிவங்களில் கையெழுத்து வாங்கும் வேலை மாவட்ட நிர்வாகத்துக்கு வந்தது.

பழ. நெடுமாறனும் மருத்துவர் ராமதாசும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஆங்கிலப் படிவத்தில் தமிழ் மட்டும் தெரிந்தவர் போட்ட கையெழுத்தை விருப்பம் என்று எப்படிக் கொள்வது? பணக்கொடையை நிறுத்துவேன் என்ற மிரட்டலுக்குப் பிறகு வரும் சம்மதம் சம்மதமா? வழக்கின் பயனாகத் திருப்பி அனுப்புவது சிறிது காலம் நின்றது. ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் அலுவலர்கள் சென்னைக்கு வந்து, போகிறவர்களின் விருப்பத்தைச் சரிபார்க்க ஒன்றிய அரசு இசைந்தது. ஓர் உலக அமைப்பே சரிபார்க்கும்போது சம்மதம் உண்மையா என்று தாங்கள் தனியே ஆராய வேண்டியதில்லை என்று நீதிமன்றம் வழக்கை முடித்தது.

1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அப்படியிருந்தும் ஐ.நா. ஆட்கள் முகாம் மக்களிடம் பேச வழி கிடைத்ததற்கு ஒரு ரிட் மனு காரணமாக இருந்தது. ஆனால் வற்புறுத்தல் நடந்ததென்றால் அதற்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அந்த வழக்கு விடை தரவில்லை. 1995 மார்ச் வரை மொத்தம் 99,469 பேர் இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்டதாக உள்துறை அமைச்சகத்தின் ஆண்டறிக்கைகள் சொல்கின்றன. அவர்களில் எத்தனை பேரின் கையெழுத்து மனமறிந்து போட்டது என்பதை எந்த அறிக்கையும் சொல்லவில்லை.

இதே காலத்தில்தான் சிறப்பு முகாம்கள் பெருகின. குற்றச்சாட்டு உள்ளவர்களையும் சந்தேகத்துக்கு ஆளானவர்களையும் 3(2)(இ) பிரிவின்படி மதிலுக்குள் வைத்தார்கள். இது சிறை என்றார்கள் உள்ளே இருந்தவர்கள். இருப்பிடத்தை வரையறுக்கும் ஏற்பாடுதான் என்றது அரசு. சென்னை உயர் நீதிமன்றம் அரசின் வாதத்தை ஏற்றது. திருச்சி சிறப்பு முகாம் பல முறை உண்ணாவிரதங்களால் செய்தியானது. ராஜீவ் கொலை வழக்கில் 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விடுவித்த இலங்கைத் தமிழர் நால்வரும் சிறையிலிருந்து நேரே அந்த முகாமுக்கே கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் சாந்தன், தாயைப் பார்க்க ஊர் திரும்பக் காத்திருந்த நிலையில், 2024 பிப்ரவரி 28இல் சென்னை அரசு மருத்துவமனையில் இறந்தார். விடுதலை பெற்ற ஒருவர் பதினைந்து மாதங்கள் ஊர் போக முடியாமல் இருந்தார். பயண ஆவணம், ஒன்றிய அரசின் ஆணை, மாநில அரசின் ஆணை என்று அந்தக் காலதாமதம் பல மேசைகளுக்குப் பங்கு பிரிந்தது. எந்த மேசையும் அதைத் தனதென்று எடுத்துக்கொள்ளவில்லை.

கவசத்தில் விழுந்த விரிசல்

உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்குமான பாதுகாப்பை அரசியலமைப்பின் 21ஆவது உறுப்பு, குடிமகன் என்ற சொல்லால் கட்டாமல், எல்லா மனிதர்களுக்கும் தருகிறது. நீதிமன்றங்கள் இந்த வழியாகவே உள்ளே வந்தன.

அருணாச்சலப் பிரதேசத்தில் 1964 முதல் அகதிகளாகக் குடியிருந்த சக்மா மக்களை, 1995 செப்டம்பர் 30க்குள் வெளியேறச் சொல்லி அங்கிருந்த மாணவர் அமைப்பு கெடு விதித்தது. மாநில நிர்வாகம் அவர்களைக் காக்க முன்வரவில்லை. அவர்களின் குடியுரிமை மனுக்களை உள்ளூர் அதிகாரிகள் டெல்லிக்கு அனுப்பாமலேயே வைத்திருந்தார்கள். தேசிய மனித உரிமைகள் ஆணையம் வழக்குத் தொடுத்தது. 1996 ஜனவரி 9இல் தலைமை நீதிபதி அகமதி தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. ஒவ்வொரு சக்மாவின் உயிரையும் மாநில அரசு காக்க வேண்டும், வெளியேற்ற முயல்வோரைத் தேவையானால் துணை ராணுவப் படையைக் கொண்டும் தடுக்க வேண்டும், குடியுரிமை மனுவை மாவட்ட அதிகாரி மேலே அனுப்பியே ஆக வேண்டும், முடிவெடுப்பது டெல்லியின் வேலை, அனுப்பாமல் தடுப்பது மாவட்டத்தின் வேலை அல்ல. பெரம்பலூர் ஆட்சியர் அலுவலகத்துக்கும் அந்தத் தீர்ப்பு அப்படியே பொருந்தும்.

அடுத்த அடி பணத்தின் பக்கம் விழுந்தது. அரசின் இறையாண்மைப் பணியில் நேர்ந்த தவறுக்கு இழப்பீடு கேட்க முடியாது என்ற பழைய கோட்பாட்டை 1965இல் கஸ்தூரிலால் வழக்கு உறுதி செய்திருந்தது. 1983இல் ரூதுல் சா வழக்கிலும் 1993இல் நீலபதி பெஹரா வழக்கிலும் உச்ச நீதிமன்றம் அதைத் தாண்டியது. உயிருரிமை மீறப்பட்டால் அரசே இழப்பீடு தர வேண்டும் என்றது. 2000 ஜனவரியில் சந்திரிமா தாஸ் வழக்கில், ஹவுராவில் ரயில்வேயின் தங்குமிடத்தில் ரயில்வே ஊழியர்களால் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான வங்கதேசப் பெண்ணுக்கு ரயில்வே 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்ற கொல்கத்தா உயர் நீதிமன்றத்தின் ஆணையை உறுதி செய்தது. அவர் இந்தியக் குடிமகள் இல்லையே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

இவற்றைச் சேர்த்து வாசித்தால் ஒன்று தெளிவாகிறது. 15ஆவது பிரிவின் கவசம், நல்லெண்ணத்துடன் வேலை செய்த தனி அலுவலரை வழக்கிலிருந்து காத்தது. அவர் எந்த அரசின் பெயரால் கையெழுத்திட்டாரோ அந்த அரசை, அரசியலமைப்பின் 226ஆவது உறுப்பு உயர் நீதிமன்றத்துக்குத் தரும் அதிகாரத்திலிருந்து காக்கவில்லை.

கடல் கடந்தும் இதே வழக்கு

அமெரிக்காவில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாக எழுந்தது. அங்கே குடிவரவு ஒன்றிய அரசின் வேலை, சிறைகள் பெரும்பாலும் கவுன்டி என்ற உள்ளூர் நிர்வாகங்களின் கையில். ஒருவரை விடுவிக்காமல் இன்னும் இரண்டு நாள் வைத்திருங்கள் என்று குடிவரவு முகமை கவுன்டி சிறைக்குத் தாள் அனுப்பும். 2008இல் பென்சில்வேனியாவின் லீஹை கவுன்டி அப்படி ஒருவரை மூன்று நாள் கூடுதலாக அடைத்து வைத்தது. அவர் நியூ ஜெர்சியில் பிறந்த அமெரிக்கக் குடிமகன். டெல்லி சொன்னதைச் செய்தோம் என்று நம்மூர் அலுவலகங்கள் சொல்வது போலவே, வாஷிங்டன் சொன்னதைச் செய்தோம் என்றது கவுன்டி. 2014 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்தத் தாள் வேண்டுகோள்தான், கட்டளை ஆகாது, அடைத்து வைக்க முடிவெடுத்தது கவுன்டி, ஆகவே வழக்கைச் சந்திக்க வேண்டியதும் கவுன்டி என்றது. அடுத்த மாதமே ஆரிகனில் கிளாக்கமஸ் கவுன்டிக்கு எதிராகவும் தீர்ப்பு வந்தது. அதன் பிறகு பல கவுன்டிகள் நீதிபதியின் ஆணை இல்லாமல் யாரையும் கூடுதலாக வைப்பதை நிறுத்தின. மறுபுறம் டெக்சஸ் மாநிலம் 2017இல் ஒத்துழைக்காத உள்ளூர் நிர்வாகங்களுக்கு அபராதம் விதிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. ஒத்துழைத்தாலும் வழக்கு, மறுத்தாலும் அபராதம் என்று உள்ளூர் நிர்வாகம் அங்கே இரண்டு பக்கமும் பதில் சொல்கிறது.

நம் மாவட்ட நிர்வாகத்துக்கு மறுக்கும் உரிமை இல்லை. அதனாலேயே அது எதற்கும் பொறுப்பில்லை என்று ஆகிவிடாது. கட்டளையை நிறைவேற்றும் விதம் மாவட்டத்துடையது. யாரின் பெயர் எந்தக் காரணத்துக்காக நீக்கப்பட்டது, மனு எத்தனை மாதம் மேசையில் கிடந்தது என்பதையெல்லாம் டெல்லி தீர்மானிப்பதில்லை.

ஒரு பிறப்புச் சான்றிதழின் எடை

இங்கே சாஸ்திரி மறுபடியும் வருகிறார். 1964 அக்டோபரில் பிரதமராக அவர் சிறிமாவோ பண்டாரநாயக்காவுடன் செய்த ஒப்பந்தம், இலங்கையில் நாடற்று நின்ற 9,75,000 மலையகத் தமிழரைப் பங்கு போட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதியைப் பிறகு பார்ப்போம் என்றது. திருச்சி, பெரம்பலூர், சேலம் என்று நம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் அந்தக் கணக்கில் எண்களானார்கள். இந்தியாவுக்கு வர மனுப்போட்டுக் காத்திருந்தவர்கள் சிலர், 1983க்குப் பின் கலவரத்துக்குத் தப்பிப் படகில் வந்தபோது அகதிகள் என்றே பதியப்பட்டார்கள். 2003இல் திருத்தப்பட்ட குடியுரிமைச் சட்டம் அவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகள் என்ற பட்டியலில் தள்ளியது.

அப்படிப்பட்ட 65 பேர் திருச்சி முகாம்களிலிருந்து சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார்கள். 2019 ஜூன் 17இல் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். இத்தனை ஆண்டுகள் கண்காணிப்பிலும் நாடற்ற நிலையிலும் ஒருவரை வைத்திருப்பதே 21ஆவது உறுப்பை மீறுகிறது என்றார். மனுக்களை ஆட்சியர் தாமதமின்றி அனுப்ப வேண்டும், ஒன்றிய அரசு 16 வாரங்களில் முடிவெடுக்க வேண்டும் என்று ஆணையிட்டார். சக்மா தீர்ப்பு கிட்டத்தட்டக் கால் நூற்றாண்டு கழித்துக் காவிரிக் கரைக்கு வந்து சேர்ந்தது.

2022இல் இன்னொரு வழக்கு. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் பாஸ்போர்ட் கேட்டார். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்பு வரை இந்த மண்ணில் பிறந்தவர்கள் பிறப்பாலேயே இந்தியக் குடிமக்கள். அவர் பிறப்புச் சான்றிதழைக் காட்டினார், பாஸ்போர்ட் தரச் சொன்னது உயர் நீதிமன்றம். 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். குடிவரவில் எந்த அதிகாரமும் இல்லாத, பிறப்பைப் பதியும் உள்ளாட்சி, இந்த இடத்தில் ஒருவரின் தலையெழுத்தையே தீர்மானிக்கிறது. பிறப்பைப் பதியாமல் விட்டாலோ தேதியைத் தவறாக எழுதினாலோ ஒரு குடிமகள் ஆயுள் முழுக்க அகதியாக இருப்பார்.

இப்போது நிற்கும் இடம்

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு 317 கோடி ரூபாய்த் திட்டங்களை அறிவித்தது. 7,469 வீடுகளைக் கட்டித் தர முன்வந்தது, அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. அன்றைய கணக்கில் முகாம்களில் 58,822 பேர் இருந்தார்கள். வீடு கட்டுவது மாநிலத்தின் கையில் இருந்தது, அதைச் செய்தது, பாராட்ட வேண்டும்.

2025 செப்டம்பர் 1 முதல் புதிய குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டம் நடைமுறைக்கு வந்து 1946ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கியது. மருத்துவமனைகளும் கல்வி நிலையங்களும் தங்கள் இடத்துக்கு வரும் வெளிநாட்டினர் பற்றித் தகவல் தர வேண்டும் என்கிறது. இனி பதிவேடு ஆர்.ஐ.யின் கையில் மட்டும் இருக்காது. அதே நாளில் வந்த விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குக் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்குத் தந்தது. ஆறுதல்தான். ஆனால் பதிவு செய்துகொண்டவர் என்ற நிபந்தனையைக் கவனியுங்கள். கணக்கெடுப்பன்று ஊரில் இல்லாமல் பெயர் நீக்கப்பட்டவர், அந்த விலக்கைக் கேட்டுப் பெற எந்தத் தாளைக் காட்டுவார்?

2025 மே மாதம் ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்தியா எல்லாருக்குமான சத்திரம் அல்ல என்ற பொருளில் கருத்துச் சொல்லி மனுவை ஏற்க மறுத்தது. உள்ளே யாரை அனுமதிப்பது என்பதில் அரசின் அதிகாரம் பெரியது. அதை யாரும் மறுக்கவில்லை. அனுமதித்து, நாற்பது ஆண்டுகள் பெயர் வாசித்து, பள்ளியில் சேர்த்து, ரேஷன் கொடுத்து வைத்திருக்கும் மனிதர்களை எப்படி நடத்துவது என்பது வேறு கேள்வி. அதற்கு 21ஆவது உறுப்பு என்றோ விடை சொல்லிவிட்டது.

மாவட்ட அளவில் செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. பெயரை நீக்கும் முன் காரணத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்து விளக்கம் கேட்கலாம். குடியுரிமை மனுவை வாங்கியதற்கு நாள் போட்ட ஒப்புகைச் சீட்டும், மேலே அனுப்பியதற்கு எண்ணும் தரலாம். முகாம் பிள்ளைகளின் பிறப்புச் சான்றுகளை நகராட்சி ஒரு முறை சரிபார்த்துப் பிழை திருத்தலாம். இவற்றுக்கு டெல்லியின் அனுமதி தேவையில்லை. இவற்றைச் செய்யாமல் விட்டதற்கு டெல்லியைக் காரணம் காட்டவும் முடியாது. எந்தக் கையெழுத்தின் கீழும் பெயரும் பதவியும் நாளும் இருக்கின்றன. பெரம்பலூரில் இடும் கையெழுத்துக்குப் பெரம்பலூர் பதில் சொல்ல வேண்டும்.

(அடுத்த பகுதியில்: அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும், நிலம் கொடுத்த விவசாயிகள் நடத்திய இழப்பீட்டு வழக்குகளும்.)